எல்லாக் காது வருத்தமும் செல்லால் வந்ததல்ல

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "காதுக்கு என்ன?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "அது செல் சத்தத்திலை போனது." செல் என்றால் போரில் வந்து விழுந்த எறிகணை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்க மனமும் வராது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கி ஒதுங்கிப் போன சனத்தில் காது அடைக்காமல் வந்தவர் யார்? அதற்கு முன்னாலும் கிபிர் விமானக் குண்டு, ஆட்டிலறி என்று எத்தனை வருசம். ஆகவே அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் போர் முடிந்து பதினைந்து வருசத்துக்கு மேலான பிறகு புதிதாக வருகிற காதுக்குத்து, புதிதாகத் தொடங்குகிற இரைச்சல், புதிதாக மணக்கத் தொடங்கிய சீழ் எல்லாவற்றையும் அதே பதிலுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். அப்படி மூடப்படுகிறவற்றில் சில, ஆளையே கொண்டுபோய்விடக்கூடியவை.

முதலில் செல் காதுக்கு என்ன செய்யும் என்று பார்ப்போம். வெடியின் அழுத்த அலை கூடுதலாகத் தாக்குவது உடம்பில் காற்று இருக்கிற இடங்களை. அவற்றில் மிக மெல்லியது செவிப்பறை. ஏறக்குறைய 35 கிலோபாஸ்கல் அழுத்தத்திலேயே அது கிழியத் தொடங்கும். நுரையீரல் காயப்பட அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே மூடிவிடும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது, கிருமி சேரக்கூடாது, அவ்வளவுதான். மழைத் தண்ணீர் தேங்கிய பங்கருக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தவர்களுக்கு அந்த வசதி எங்கே இருந்தது? பலருக்கு ஓட்டை ஓட்டையாகவே நின்றுவிட்டது.

இரண்டாவது காயம் உள்காதில். அங்கே சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றுகிற மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு 15,000 அளவில் பிறக்கும்போதே இருக்கின்றன. செத்தது செத்ததுதான், மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. வெடியும் பெருஞ்சத்தமும் முதலில் கொல்வது உச்ச சுருதியைக் கேட்கிற கலங்களை. அதனால்தான் இப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு ஆள் பேசுவது கேட்கும், பேச்சு விளங்காது. "பல்லு" என்றதும் "கல்லு" என்றதும் ஒன்றாகவே விழும். மகனின் கட்டைக் குரல் பிடிபடும், பேத்தியின் கீச்சுக்குரல் பிடிபடாது. வீட்டில் இருப்பவர்கள் "தனக்குத் தேவையானது மட்டும் கேட்கும்" என்று சலித்துக்கொள்வார்கள். அது அநியாயம். அவருடைய காது அப்படித்தான் கேட்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சத்தத்தால் வந்த உள்காதுச் சேதம், சத்தம் நின்ற பிறகு பெரும்பாலும் மேலே கூடிக்கொண்டு போகாது. வயது போகப் போக இரண்டு காதிலும் மெல்ல மெல்லக் கேள்வி, அதாவது கேட்கும் திறன், குறைவது வேறு. 2009இல் இருந்த இரைச்சல் அதே அளவில் இன்றும் இருக்கிறது என்றால் அது பழைய காயம். போன வருசம் கூடியது, போன மாதம் தொடங்கியது, ஒரு பக்கத்தில் மட்டும் மாறியது என்றால் அதற்குப் புதுக் காரணம் தேட வேண்டும்.

சீழ் வடிகிற காதிலிருந்து தொடங்கலாம். ஓட்டை மிஞ்சிய காதில் தடிமன் பிடிக்கும்போதும் குளத்தில் முழுகினாலும் சளி போல வடியும், மருந்து விட்டால் காயும். வாழ்க்கையைத் தொந்தரவுபடுத்துமே தவிர உடனடி ஆபத்து குறைவு. டொக்டர் காதைத் துடைத்து, அதற்குரிய அன்ரிபயோட்டிக் துளி தந்து காயவைத்தபின், பறையைச் சத்திரசிகிச்சையால் ஒட்டவும் முடியும். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறைந்துவிடும். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வாய்க்காலில் பாய்ந்து நீந்துகிற ஆசையை மட்டும் விட வேண்டியிருக்கும்.

சீழ் கொஞ்சமாக, ஆனால் அழுகல் நாற்றத்தோடு, மருந்துக்கு நின்று நின்று திரும்ப வந்தால் கதை வேறு. செவிப்பறையின் தோல் உள்ளே மடிந்தோ ஓட்டையின் ஓரத்தால் நுழைந்தோ நடுக்காதுக்குள் வளர்ந்துவிடும். தோல் எங்கே இருந்தாலும் உதிரும். இங்கே உதிர்ந்தது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து பருக்கும், சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும். கொலஸ்டியட்டோமா என்பார்கள். புற்றுநோய் இல்லை, ஆனாலும் பொல்லாதது. நடுக்காதுக்கு மேலே மெல்லிய எலும்புத் தகடு ஒன்று, அதற்கு மேலே மூளை. பக்கத்தால் முகத்தை அசைக்கிற நரம்பு போகிறது, பின்னால் நிதானத்தைக் காக்கிற குழாய்கள். இந்த நோய் பெரும்பாலும் நோவதில்லை. அதுதான் பயங்கரம். "வடியுது, ஆனா நோகேல்லை" என்று வருசக்கணக்காக இருந்துவிட்டு, ஒரு நாள் வாய் ஒரு பக்கம் கோணியோ, காய்ச்சலும் கடும் தலையிடியுமாகவோ வந்து நிற்பவர்கள் உண்டு. இதற்குத் துளி மருந்து தீர்வாகாது, சத்திரசிகிச்சைதான். காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவர் பார்க்கும்வரை நாற்றமடிக்கிற காதைச் சாதாரணம் என்று யாரும் சொல்லக்கூடாது, அது எத்தனை வருசப் பழசாக இருந்தாலும்.

எண்ணெய் விடுகிற வழக்கத்தைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் காதுக்குத்து என்றவுடன் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு பல்லு உள்ளி தட்டிப் போட்டு, அடுப்பில் காட்டி, உள்ளி சிவந்து பொரிந்ததும் இறக்கி, இளஞ்சூட்டில் பஞ்சில் தோய்த்துப் பிழிந்து விடுவார்கள். மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிற பிள்ளைக்கு அந்தச் சூடு இதமாகத்தான் இருக்கும். பறை முழுசாக இருந்தால் பெரிய கெடுதி ஒன்றுமில்லை. பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகிறது, கிருமியையும் கூட்டிக்கொண்டு. எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு ஓட்டை இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தாய்ப்பால் விடுவதும் அதே கணக்கு. எண்ணெய் நிரம்பிய காதோடு கிளினிக்குக்குப் போனால் டொக்டருக்குப் பறை தெரியவும் தெரியாது. பூச்சி புகுந்தால் மட்டும் எண்ணெய்க்கு இடமுண்டு: பறை நல்லாக இருக்கிற காதென்றால் இரண்டு மூன்று துளி தேங்காயெண்ணெய் விட்டுப் பூச்சியைச் சாகவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுப்பிக்கலாம், ஊக்கு விட்டுக் கிண்டக்கூடாது. கோழி இறகு, ஈர்க்கு, பஞ்சுக் குச்சி எல்லாம் இதே சாதிதான். குறும்பி தானாக வெளியே வருகிற பொருள். நாங்கள் குச்சி விட்டுத் தள்ளத் தள்ள அது உள்ளே போய் இறுகும்.

காதுக்குத்து எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், துவாரத்துக்கு முன்னால் இருக்கிற சிறு திரட்சியை அமத்திப் பாருங்கள். அப்போது நோவு கூடினால் வருத்தம் அநேகமாக வெளிக்காதுக் குழாயில். குளத்தில் குளித்த பிள்ளைகளுக்குக் கோடையில் வருவது இது. இழுத்தால் ஒன்றுமில்லை, தடிமனோடு உள்ளே குத்துகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் நடுக்காது. கடியும் கறுப்பு வெள்ளைத் துணிக்கைகளும் என்றால் பூஞ்சை.

சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு வெளிக்காது நோவு இரவில் நித்திரை கொள்ள விடாத அளவுக்குக் கூடி, மருந்து விட்டும் குறையாவிட்டால் நாள் பார்க்கக்கூடாது. கட்டுப்பாடில்லாத சீனியில் அந்தத் தொற்று எலும்புக்குள் இறங்கி, மண்டையோட்டின் அடிவரை போகும். தெரியாத சீனி வருத்தம் இப்படிக் காதால் வெளிப்படுவதும் உண்டு.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. ஒரு பக்கக் காது நோகிறது, டொக்டர் கருவி வைத்துப் பார்க்கிறார், காது சுத்தமாக இருக்கிறது. "காதிலை ஒண்டும் இல்லையாம்" என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். காதுக்கு உணர்வு கொடுக்கிற நரம்புகள் காதுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பல்லுக்கும் தாடைக்கும் போகிற நரம்பு, நாக்கின் அடிக்கும் தொண்டைச் சதைக்கும் போகிற நரம்பு, குரல்வளைக்குப் போகிற நரம்பு என எல்லாவற்றிலிருந்தும் ஒரு கிளை காதுக்கு வருகிறது. ஆகவே நாக்கின் அடியில் ஒரு புண் இருந்தால் மூளை அதைக் காதின் நோவாகப் படித்துவிடலாம். பெரும்பாலும் காரணம் சொத்தைப் பல், முளைக்கிற ஞானப்பல், தாடை மூட்டு என்று சின்னதாக இருக்கும். வெற்றிலை போடுகிறவரிடம் அப்படி எடுத்த எடுப்பில் முடிவு செய்யக்கூடாது. இலங்கையில் ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேர்த்தால்தான் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை தனிப் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தருகிற பொருள் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. வயல் வேலையில் பசி தெரியாமலிருக்க, கடலில் நித்திரை வராமலிருக்க என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே இருப்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். அவர்களில் ஒருவருக்கு ஒரு பக்கக் காது இரண்டு மூன்று வாரமாக நொந்து, காதிலும் ஒன்றும் இல்லையென்றால் உடனே வாயையும் தொண்டையையும் காட்ட வேண்டும். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, வாயை முந்திப்போல ஆவென்று திறக்க முடியாமை, குரல் கரகரப்பு, விழுங்கும்போது காதுக்குள் குத்துவது, கழுத்தில் கட்டி இவற்றில் ஒன்று கூட இருந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்கவேண்டாம்.

இதற்குச் சொந்தக்காரன் இன்னொன்று: வளர்ந்த ஒருவருக்குத் தடிமன் இல்லாமல் ஒரு பக்கக் காது அடைத்து, வாரக்கணக்கில் திறக்காமல் இருப்பது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு வருகிற குழாயின் வாயை ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வீக்கம், சில வேளை கட்டி. மூக்குக்குள் கமெரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது நேரத்தோடு ஓட வேண்டிய வருத்தம். காலையில் எழும்பும்போது ஒரு காது செத்துக் கிடக்கிறது. நோவில்லை, சீழில்லை. போனை வழக்கமான காதில் வைத்தால் மற்றப் பக்கத்திலிருந்து ஒருவரும் பேசவில்லை என்று நினைத்துத் துண்டித்து, பிறகு மறு காதில் வைத்துப் பார்த்தபோதுதான் பலருக்கு விசயம் விளங்கும். குறும்பி அடைத்திருக்கும், தண்ணீர் போயிருக்கும், பழைய காதுதானே என்று நாள் போகும். இது நரம்புப் பக்கத்துச் செவிடாக இருந்தால், மூன்று நாட்களுக்குள் வந்து விழுகிற இந்தக் கேள்விக் குறைவுக்கு ஸ்டீரொயிட் மருந்து தொடங்குவது எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். இரண்டு கிழமைக்குப் பிறகு பலன் மிகவும் குறைந்துவிடும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீட்டி முனகுங்கள். கேளாத காதில் அந்தச் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குறும்பி, சளி போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் கூடுதலாகக் கேட்டால் நரம்பு என்று சந்தேகித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோதனை எப்படி வந்தாலும் போகத்தான் வேண்டும். நரம்பென்ற சந்தேகத்தில் போனால் "குறும்பிக்குத் துளி விட்டுவிட்டுக் கிழமை கழிச்சு வாங்கோ" என்ற பேச்சோடு திரும்பி வராதீர்கள், இசைக்கவை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கிற உலோகக் கவை) வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சின்ன ஆஸ்பத்திரியில் வசதியில்லாவிட்டால் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். சீனி வருத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், இந்த மருந்து சீனியைக் கூட்டும்.

அதோடு சேர்த்து நடக்க முடியாத தலைச்சுற்று, பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, முகம் கோணுவது, கை கால் சோர்வது என்று ஏதாவது வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

தலைச்சுற்று என்றாலே "பிரசர் ஏறிட்டுது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். படுக்கையில் ஒரு பக்கம் திரும்பும்போது, மேலே பரணைப் பார்க்க அண்ணாந்தபோது உலகமே சுழன்று ஒரு நிமிசத்துக்குள் அடங்குகிற கிறுதி பெரும்பாலும் உள்காதில் இடம் மாறிய நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களால் வருவது. தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பி வைத்து டொக்டர் சில நிமிசத்தில் அதைச் சரிசெய்துவிடலாம். மாதக்கணக்கில் தலைச்சுற்றுக் குளிசை போடத் தேவையே இல்லை. காது கனத்து, இரைந்து, கேள்வி ஏறி இறங்கி, மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியே நோயாக இருக்கலாம். உப்பைக் குறைப்பதும் அதன் வைத்தியத்தில் ஒன்று.

இரைச்சலுக்கு வருவோம். இரண்டு காதிலும் சீ... என்று நீண்டு கேட்பது சத்தத்தால் பழுதான காதின் வழக்கமான இரைச்சல். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் நெல்லு மில்லும் அதைக் கூட்டும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்குக் கூடாதது. இதயம் அடிக்கிற தாளத்தில் டம் டம் என்று கேட்டால் ஒரு கையால் நாடியைப் பிடித்து ஒத்துப் பாருங்கள். ஒத்து வந்தால் பிரசர் பார்க்க வேண்டும், இரத்தம் குறைவா, தைரொயிட் கூடியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாதவிடாயில் கனக்கப் படுகிற பெண்களுக்கு இரத்தச்சோகை இப்படிக் காதில் வந்து அடிப்பதுண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் தாளம் கேட்டால் ஸ்கான் தேவைப்படும்.

மருந்தும் காதை இரைய வைக்கும். மலேரியாக் காலத்தில் குயினின் எடுத்தவர்களில் பலருக்கு இது நினைவிருக்கும். காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி இரைந்து, மருந்து நிற்க நின்றுவிடும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது, அந்தப் பிரச்சினை ஒழிந்தது. ஒழியாதவை இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின், அமிகசின் போன்ற ஊசிகள் மயிர்க்கலங்களை நிரந்தரமாகக் கொல்லக்கூடியவை. உயிர் காக்கிற மருந்துகள் என்பதால் அவற்றை மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவை வெளியேறுவது சிறுநீரகத்தால். வவுனியாப் பக்கத்து விவசாயக் கிராமங்களில் சிறுநீரக வருத்தம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் சோர்ந்தவருக்கு அதே அளவு மருந்து உடம்பில் கூட நேரம் தங்கும், காதைக் கூடக் கெடுக்கும். ஊசி போடத் தொடங்கிய பிறகு இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் அன்றைக்கே தாதியிடம் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: காதுச் சோணையில் சரிவாக ஒரு மடிப்பு இருந்தால் மாரடைப்பு வரும் என்பது. 1973இல் ஒரு அமெரிக்க டொக்டர் அந்தத் தொடர்பைக் கவனித்து எழுதியது உண்மை. வயது போனாலும் அந்த மடிப்பு விழும் என்பதும் உண்மை. கண்ணாடியில் சோணையைப் பார்த்துப் பயப்படுவதைவிட பிரசரையும் சீனியையும் பார்ப்பித்துக்கொள்வது பிரயோசனம்.

பிள்ளைகளுக்குப் போர் தெரியாது, அவர்கள் காதில் வேறு பிரச்சினை. அடிக்கடி தடிமன் பிடித்து வாயால் மூச்சுவிடுகிற பிள்ளைக்கு நடுக்காதில் சளி தேங்கி, நோவே இல்லாமல் கேள்வி குறையும். ரீவியைக் கூட்டி வைப்பான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பின் வாங்கிலிருந்து குழப்படி செய்வான். அடி வாங்குவதற்கு முன் ஒருமுறை அவன் காதைப் பார்ப்பித்துவிடுங்கள். கூகைக்கட்டு ஒரு காதை ஓசையில்லாமல் செவிடாக்கிவிட்டுப் போகும். அதைத் தடுக்கத்தான் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் ஊசி.

கடலட்டை பிடிக்கவும் சங்கு எடுக்கவும் சிலிண்டரோடு இறங்குகிற தம்பிமாருக்கு ஒரு சொல்: தடிமனோடு இறங்காதீர்கள். ஏறி வந்தபின் தலைச்சுற்றும் காது கேளாமையும் சேர்ந்து வந்தால் படுத்து எழும்பினால் சரியாகும் என்று இருக்கவேண்டாம், உள்காது கிழிந்திருக்கலாம், அல்லது அங்கே காற்றுக் குமிழி அடைத்திருக்கலாம்.

கடைசியாக, டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்பது. சனம் நிரம்பிய ஓ.பி.டி.யில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிசம். "செல்லாலை வந்தது" என்று தொடங்கினால் அவரும் அதையே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடக்கூடும். எந்தக் காது, எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன மாறியது என்பதிலிருந்து தொடங்குங்கள். செல் கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள், ஏனென்றால் அதுவும் தேவை. கேள்விச் சோதனை செய்தால் தருகிற வரைபடத் தாளை எறிய வேண்டாம். பெருஞ்சத்தத்தில் போன காது அந்தத் தாளில் 4,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழுந்து பெரும்பாலும் தன்னை அடையாளம் காட்டும், அடுத்த தடவை கோடு வேறு இடத்தில் இறங்கியிருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதைக் கிளினிக் கொப்பியின் உள்மட்டையில் ஒட்டி, தினமும் போடுகிற மருந்துகளின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.